ஜெசீமா இரண்டு பேரான வருடம்

1976 மே ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மெல்பேர்ன் புட்ஸ்கிறேயில் ஒரு வாடகை வீட்டின் குசினியில் ஜெசீமா இரண்டு பேராக நின்றாள். ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவள் ஹனீபாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டியவள் திரும்பிப் பார்த்தாள். கேத்தலைப் பிடித்திருந்த கையிலும் அவளுடைய அதே தீக்காயத் தழும்பு இருந்தது.

விஷயம் இதுதான். வருடத் தொடக்கத்தில் புருஷன் ஹனீபா அவளைத் தலாக் சொல்லி, அக்கரைப்பற்றுக் காதியாருக்குக் கடிதம் போட்டான். அதன்பின் அவள் காத்திருக்க வேண்டிய மூன்று மாத இத்தாவும் முடிந்து, காதியாரின் பத்திரம் முத்திரையோடு வந்து சேர்ந்தது. இலங்கையில் முஸ்லிம்களின் விவாகரத்தைத் தீர்க்கும் காதியாரை நியமிப்பதே அரசாங்கம்தான். அவர் எழுதினால் அது அரசாங்கம் எழுதியதுதான். எந்த நாட்டிலும் அப்படித்தான் என்று நம்பிய ஜெசீமா, சிட்னி லக்கெம்பாவில் தையற்கடை வைத்திருந்த பளீல் பெண் கேட்டபோது சம்மதம் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை பத்திரத்தைக் காட்டியதும் மெல்பேர்னில் கலியாணம் பதியும் அரசாங்கக் கந்தோர்ப் பெண் அதைத் திருப்பித் தந்தாள். பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்து விவாகரத்துக்குக் கோட்டுக்குப் போக வேண்டுமாம். அதுவரை அவள் ஹனீபாவின் மனைவிதானாம். இன்னொருவனைக் கட்டினால் பிடித்து மறியலில் போடுவார்களாம். ஒரே கூரையின் கீழும் பிரிந்திருக்கலாம், ஆனால் புருஷனுக்குச் சமைத்துப் போட்டால் அது பிரிவாகாது என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

அது நினைவு வந்ததும் பெட்டி கட்டியவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாள். தான் சிட்னிக்குப் போனாலும், இவள் இங்கே நின்று தேத்தண்ணி ஊற்றும்வரை ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது.

"கேத்தல வையிடி!"

"நீ போ. காதியார் உன்னத்தானே விட்டுட்டார். அரசாங்கத்துக்கு நான் இன்னும் இவர்ர பொஞ்சாதி."

"அப்ப இவருக்கு ஆக்கிப் போட்டே கிழவியாகப் போறியா?"

ஹனீபா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டு பேரும் பிறகு சண்டை பிடிங்க. இதுக்குச் சீனி போடல்ல."

கேத்தல் பிடித்தவள் சீனிப் போத்தலை அவன் முன்னால் தள்ளிவிட்டாள். பிறகு கேத்தலை வைத்துவிட்டு, "எனக்கும் டிக்கற் எடு" என்றாள்.

இருவரும் லக்கெம்பாவில் ஒரு அறை எடுத்தார்கள். ஜூன் முப்பதாம் திகதிக் குடிசன மதிப்புக் கணக்கெடுக்க வந்த மனிதர் ஒருத்தியை விவாகரத்தானவர் என்றும் மற்றவளைத் திருமணமானவர் என்றும் எழுதிக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவருடம் பன்னிரண்டு மாதமும் நிறைந்த பிறகு கோட்டுக்குப் போனது இரண்டாமவள். தீர்ப்பைக் கேட்டதும் வாசலில் நின்றவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் இருவரும் ஒருத்தியாகவில்லை.

பளீல் முதலில் ஆடிப்போனான். பிறகு இமாமிடம் கேட்டான். இமாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஆள் ஒன்றுதான், ஒரு நிக்காஹ் போதும் என்றார். அவருடைய புத்தகத்தில் ஒருத்தி கையெழுத்து வைத்தாள், அரசாங்கப் புத்தகத்தில் மற்றவள். அடுத்த கிழமை பளீல் கடைக்கு இன்னொரு தையல் மெசின் வாங்கிப் போட்டான்.