மோட்டார் பாடிய சரணம்

எட்டு மாடி ஏறி இறங்கியும் அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஏறி இறங்குவது புதிதா என்ன? காலையில் வந்த ஒரு போனால் வந்த வினை.

"மோட்டார் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புன்னா பாட்டு அனுப்பியிருக்க. என்னப்பா, காதலா?" என்றார் தலைமை மெக்கானிக்.

பார்த்தேன். சனிக்கிழமை அவசரத்தில் கை மாறிவிட்டது. பாட்டு அவருக்குப் போயிருந்தது. பேரிங் தேய்ந்த மோட்டாரின் நான்கு நிமிடக் கடகடப்பு என் நண்பனுக்கு. அவனிடமிருந்து பதிலும் வந்திருந்தது: "அருமைடா. ரெண்டாவது சரணத்துல உருகிட்டேன்."

முதலில் சிரித்தேன். கிண்டல் என்றால் அவன் நாலைந்து சிரிப்புப் பொம்மையாவது போட்டிருப்பான். ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கடைத்தெருவே அவனை 'பவர்' என்றுதான் கூப்பிடும். ஏழு வருடமாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சனிக்கிழமை அவன் எனக்கு ஒரு புத்தகம் தருவான், நான் அவனுக்கு ஒரு பாட்டு அனுப்புவேன். புதன்கிழமைக்குள் கருத்துச் சொல்லியாக வேண்டும். பெரிய புத்தகத்துக்கு மட்டும் இரண்டு வாரம் சலுகை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் மோட்டார் அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தேன். அவன் எழுதும் கருத்துக்காகவே ஊர் உலகத்துப் பாட்டையெல்லாம் தேடினேன். "இந்த வயலின் அழுகையை அடக்கிக்கிட்டே நடக்குது" என்று ஒருமுறை எழுதியிருந்தான். அதெல்லாம் புளுகா? ஏழு வருடம் என் காதில் பூ சுற்றினானா?

ஸ்குரூ டிரைவரை மூன்று முறை கீழே போட்டேன். ஐந்தாம் மாடிக் கதவைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்தேனா என்று மறுபடி ஏறிப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பவர் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரெண்டாவது சரணத்தைக் கொஞ்சம் பாடிக் காட்டு," என்றேன்.

மெஷினை நிறுத்தினான். "வரி ஞாபகம் இல்லடா."

என் போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டேன். மோட்டார் கடகடவென்று பாடியது. அவன் முகம் செத்துப்போனது.

"ஏழு வருஷத்துல ஒண்ணாவது கேட்டியா?"

"எனக்குப் பாட்டுன்னாலே தலைவலிடா. நீ ஆசையா அனுப்புவ, சொல்ல மனசு வரல. அவதான் கேப்பா. என்ன தோணுச்சுன்னு சொல்லுவா. நான் அப்படியே தட்டி விடுவேன்."

அவள் என்றால் அவன் மனைவி. நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணே என்பாள். "வாங்கண்ணே, உக்காருங்க" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதே இல்லை. 'இந்தப் பாட்டு முடியுற வரைக்கும் அடுப்பைப் பத்த வைக்கல' என்று ஒருமுறை பதில் வந்தபோது, பரவாயில்லையே, இவன் சமைக்கவும் செய்கிறான் என்று மெச்சிக்கொண்ட மடையன் நான்.

"இந்த வாரம் தங்கச்சி ஏன் கேக்கல?"

சுத்தமாக இருந்த லென்ஸை அவன் மறுபடி துடைத்தான். "வெள்ளிக்கிழமை அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போயிட்டா."

சண்டை போடத்தான் வந்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பயம் வந்தது. ஏழு வருடமாக நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஒரு உதவி பண்ணுடா," என்றான். "அவளுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லு, அனுப்பி வைக்கிறேன். நானும் கேட்டு உருகிட்டேன்னு போடறேன்."

எனக்குத் தெரியும். தேடக்கூட வேண்டாம். ஒரு பெண் பக்க வாத்தியமே இல்லாமல் பாடுவது. அதற்கு மட்டும் மூன்று நாள் விடாமல் பதில் வந்தது. தாலி கட்டியவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

"தெரியாது," என்றேன். நான் அவனிடம் சொன்ன முதல் பொய் அது.

"யோசிச்சுப் பாருடா."

"நான் எதுக்கு யோசிக்கணும்? போன் பண்ணி அவங்களையே கேளு."

"இத்தனை வருஷம் கேக்காம இப்ப எதுக்குன்னு கேப்பா."

"கேக்கட்டும். பதில் சொல்லு."

எண்ணை அழுத்தினான், வெட்டினான், மறுபடி அழுத்தினான். மணி போனது. மறுமுனையில் "சொல்லுங்க" என்று அவள் குரல் கேட்டதும் நான் கடையை விட்டு இறங்கிவிட்டேன். அவர்கள் நன்றாக இருக்கட்டும், மனதாரத்தான் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை பாட்டை யாருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.