அச்சாகாத அடுக்கு

...மறுபடியும் நாற்பத்தாறு. நாற்பத்தைந்தாம் பக்கம் வரைக்கும் சமர்த்தாக வந்து, நாற்பத்தாறைத் தொட்டதும் வட்டம் சுற்றி, திரை வெளுத்து, எதிர்பாராத பிழை என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது, காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை, படுக்கட்டும், எனக்கென்ன அவசரம், அவசரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் அத்தானுக்குத்தான். அக்காவைக் கட்டியவர், புத்தகப் பக்கங்களைக் கணினியில் அமைத்துக்கொடுக்கும் இந்த டிடிபி கடைக்கு முதலாளி, ஒன்பது வருஷம் எனக்கும் முதலாளி. தையல் கலைப் பாடநூல், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் பதிப்பாளர் வேறு கடை பார்த்துக்கொள்வார், இவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பதிப்பாளர். போன வாரம் மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து இந்த ஃபைல் இப்படித்தானாம், எடுத்து வைத்த நகல்களும் அதே பக்கத்தில்தான் விழுகின்றனவாம், இரண்டு பேர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போன பிறகுதான் என் நம்பர் ஞாபகம் வந்திருக்கிறது. நேற்று போனில் குரல் என்னமாய் இறங்கியிருந்தது... 'நீ வந்து பாத்தாத்தாம்மா ஆகும்.' அம்மாவாம். மூன்று வருஷமாக இந்த அம்மா எங்கே போயிருந்தாள்?

அன்றைக்கும் இதே நாற்காலிதான், இடது கை கழன்றது, இன்னும் மாற்றவில்லை. ஒரு பெரிய வியாபாரி இறந்துபோய், குடும்பத்தார் இரங்கல் மலர் போட்டார்கள், அண்ணன் போனவர், தம்பி இருப்பவர், இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. முழுப்பக்கத்தில் கருப்புக் கட்டம் கட்டி, கீழே தோற்றம், மறைவு என்று தேதி போட்டு, உள்ளே தம்பியின் படம். தம்பியே மலரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து இந்த வாசலில் நின்று, 'நான் எப்ப சார் செத்தேன்?' என்று கேட்டார், சிரிப்பு வரவேண்டிய இடம், யாருக்கும் வரவில்லை, அத்தான் ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பக்கம் கையை நீட்டி, 'இவ பாக்காம விட்டுட்டா சார்' என்றார். நான் பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன், மாற்றினேன், அண்ணனின் படம் கண்ணாடியும் நரைத்த மீசையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்ததை இந்தத் திரையில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கணினியில் 'கடைசி' என்று ஒரு ஃபைல், 'கடைசி 2' என்று ஒன்று, 'உண்மையான கடைசி' என்று ஒன்று, இந்த மனிதர் அவசரத்தில் பழையதைத் தூக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு என் தலையில் கட்டினார். அதற்கப்புறம் அச்சகங்கள் இருக்கும் இந்தத் தெரு முழுக்க எனக்கு ஒரு பட்டப்பெயர், உயிர்மாத்தி... யார் வேலை கொடுப்பார்கள் உயிர்மாத்திக்கு? ஜெராக்ஸ் கடையில் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டிருக்கிறேன், மூன்று வருஷமாக.

கெட்டது நாற்பத்தாறு மட்டும்தானா, அதற்குப் பின்னாலும் ஏதாவது இருக்கிறதா என்று தெரியப் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. நூற்றாறு பக்கத்தைப் புது ஃபைலுக்கு நகர்த்து, திறக்கிறதா, திறக்கவில்லையா, திறக்காத பாதியை மறுபடி பாதியாக்கு, கடைசியில் ஒரே ஒரு பக்கம் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு மணிக்கே நாற்பத்தாறைத் தனியாகப் பிரித்துவிட்டேன், மற்றதெல்லாம் பத்திரம், ஆனால் சொல்லவில்லை. செத்துப்போச்சு அத்தான், ஒண்ணும் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அவர் மூஞ்சி எப்படிப் போகும் என்று இரண்டு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், ருசியாகத்தான் இருந்தது. அக்கா போன் பண்ணினாள், அவள் எப்போதுமே அவர் கட்சி. 'கேக்கறதெல்லாம் அப்புறம் கேளுடி, மொதல்ல எடுத்துக் குடு.' அப்புறமாம், மூன்று வருஷமாக அந்த அப்புறம் வரவேயில்லையே. போனை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பி நேராகவே கேட்டேன், 'அன்னைக்கு நீங்க பழைய ஃபைலத்தான அனுப்பினீங்க? அதச் சொல்லுங்க, ஃபைல் வந்துரும்.' ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார், நிற்கட்டும், வெயில் படட்டும்.

அவர் நிற்கிற நேரத்தில் இந்தப் பக்கத்துக்கு என்னதான் வியாதி என்று பார்த்துவிடலாம்... படங்களை வரையாமல் வெறும் கட்டமாகக் காட்டு என்று மாற்றிவிட்டுத் திறந்தேன், திறந்துகொண்டது, அப்படியென்றால் ஏதோ ஒரு படம்தான். எது? காலர் வெட்டும் அளவுப்படம் ஒன்றுதான் பக்கத்தில் இருக்கிறது, ஃபைலின் படப் பட்டியலில் மட்டும் இந்தப் பக்கத்துக்கு இரண்டு படம் என்கிறது. பக்கத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியிருக்கும் அடுக்குகளின் பட்டியலைத் திறந்தேன், எழுத்து, படங்கள், கோடுகள், எல்லாவற்றுக்கும் மேலே நாலாவதாக, யாரோ கண் குறியை மூடி மறைத்துவிட்ட ஒன்று, குறிப்பு. இது என்னுடையது. நான் வைத்த பெயர். இதைக் கேட்டு வா, இந்தத் தேதியைச் சரிபார் என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்ளும் அடுக்கு, திரையில் தெரியும், தாளில் வராது, அச்சாக வேண்டாம் என்று அதில் சொல்லி வைத்திருப்பேன். தையல் புத்தகத்துக்குள் எப்படி வந்தது? எப்படி வராமல் இருக்கும், இந்தக் கடையில் யாரும் புது ஃபைல் திறப்பதில்லை, பழைய புத்தகத்தை வேறு பெயரில் சேமித்து, உள்ளே இருப்பதை வழித்துப் போட்டுவிட்டுப் புதியதை ஊற்றுவார்கள், நேரம் மிச்சம் என்று அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மூடின அடுக்கை யார் வழிக்கப் போகிறார்கள், மூன்று வருஷமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் தாவி வந்திருக்கிறது. அந்த அடுக்கின் கண்ணைத் திறந்து, படத்தைக் கொஞ்சம் மங்கலாக மட்டும் காட்டச் சொன்னேன். காலர் படத்தின் மேல் கண்ணாடியும் நரைத்த மீசையுமாக அந்த அண்ணன், போனவர், என்னைப் பார்த்தார்.

இவர் ஏன் இங்கே இருக்கிறார்? படங்கள் அடுக்கில் அல்லவா இருக்க வேண்டும்... நான்தானே வைத்தேன், அந்தச் சாயங்காலம் வைத்தேன், ஏதோ குறிப்பு எழுதிவிட்டு அதே அடுக்கில் நின்றபடியே, தம்பியை எடுக்காமல், அவர் மேலேயே அண்ணனை வைத்தேன். திரையில் அண்ணன். தாளில் தம்பி. அத்தான் சரியான ஃபைலைத்தான் அனுப்பியிருக்கிறார், உண்மையான கடைசியை. நாலு பேர் முன்னால் அவர் நீட்டிய அந்தக் கை... அப்படி நீட்டியிருக்க வேண்டாம், அதை நினைத்தால் இன்னமும் எரியத்தான் எரிகிறது, ஆனால் அந்தக் கை நீண்ட திசை சரி. படிக்கட்டில் செருப்புச் சத்தம், அவசரமாக அடுக்கை மூடினேன், உள்ளே வந்து ஸ்டூலில் உட்காராமல் நின்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 'நான்தாம்மா. பழசத்தான் அனுப்பிச்சிருப்பேன். தப்பு என்னுதுதான்.' மூன்று வருஷம் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து வரவழைத்துப் பார்த்திருக்கிறேன், வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்ன கேட்க வேண்டும் என்பதுவரை தயாராக இருந்தது, இப்போது வந்தேவிட்டது, இவ்வளவு லேசாகவா, ஒரு ஃபைலுக்காகச் செய்யாத தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷனா இவர், இல்லை, மூன்று வருஷமாக உண்மையிலேயே தன் மேல்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாரா? அந்த நாலாவது அடுக்கை அழித்தேன். நாற்பத்தாறு திறந்தது, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, ஒன்று நாற்பதுக்கெல்லாம் ஃபைல் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டது. அத்தான் தோள் இறங்க மூச்சு விட்டுக் குனிந்து திரையைப் பார்த்தார், 'என்னம்மா இருந்துச்சு அதுல?' பழைய படம் ஒண்ணு, யாரோ எடுக்காம விட்டுட்டாங்க என்றேன். 'யாரு?' என்றார், சும்மாதான் கேட்டார், அடுத்த தடவை அப்படி நடக்காமல் இருக்கட்டும் என்று கேட்கிற குரல்தான், நான் நாற்காலியின் கழன்ற கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.