ஏழாம் எண் நீலச் சேலை

ஏழாம் எண் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தபோது, முந்தானையில் மிளகளவு ஓட்டை ஒன்று பரிபூரணத்தின் கண்ணில் பட்டது. அதே நீல நிறத்தில் நூல் தேடி, இழையோட்டி அடைத்தாள். அடைத்த பிறகு அவளுக்கே இடம் தெரியவில்லை. இருந்தாலும் டைரியில், ‘முந்தானையில் மிளகளவு தையல்’ என்று எழுதி வைத்தாள். சொல்லாமல் விட்டதை வாங்கியவள் கண்டுபிடித்துவிட்டால் எந்த முகத்தோடு நிற்பது? பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கும் தனுஷ்கோடியிடம் பொறுக்கியெடுத்த சேலைகள், ரவிக்கைகள், இரண்டு கைப்பைகள் என்று நாற்பது உருப்படிகள், துவைத்து இஸ்திரி போட்டபடி பரணில் காத்திருந்தன. மாதம் முடிவதற்குள் அவை விற்காவிட்டால் அவள் மில்லில் சேர வேண்டும். அண்ணன் ஐயாதுரை அங்கே பேசி முடித்திருந்தார். ஷிப்டுக்குப் போனால் இந்தத் தொழிலும் போகும், ஸ்ரீவில்லிபுத்தூரில் சாயங்காலத் தட்டச்சு வகுப்பும் போகும்.

“எந்தச் சீக்காளி கட்டுனதோ! இதுக்கடியில எம்புள்ளைக படுக்கணுமாக்கும்” என்றாள் மதினி தங்கபாய்.

விளைச்சலைக் காணிக்கை வைத்து ஏலம் விடும் வேதக்கோயில் அறுப்பின் பண்டிகைக்குப் போன மாதம் பரிபூரணம் ஒரு பழைய சேலையைக் கொடுத்துப் பார்த்திருந்தாள். பரங்கிக்காய்க்குப் பத்துப் பேர் அடித்துக்கொண்டார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்ததும் பந்தலே அடங்கிப்போனது. கடைசியில் உபதேசியார்தான் பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டார். ஆனால் கூட்டம் கலைந்த பின் மூன்று பெண்கள் தனித்தனியாக வந்து, “ஏட்டி, அது மாதிரி இன்னொண்ணு இருக்கா?” என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்கள். ஆசை இருக்கிறது, கையைத் தூக்கத்தான் கூச்சம் என்று அன்று டைரியில் எழுதினாள்.

அதனால் கை தூக்காத ஏலம் ஒன்றை யோசித்தாள். எண், நிறம், குறை என்று வகுப்பில் கார்பன் வைத்துப் பட்டியல் அடித்தாள். வேண்டிய எண்ணையும் விலையையும் தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் அதிகம் கேட்டவருக்குத் துணி. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். வகுப்புப் பெண்கள் பட்டியலைச் சோழபுரத்துக்கும் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக் குடியிருப்புக்கும் கொண்டுபோனார்கள்.

பத்து நாளாகியும் ஒரு கார்டுகூட வரவில்லை. பதினோராம் நாள் தபால்காரர் சோலைச்சாமி வந்தார். “ஒங்க அத்தைக்கு மூட்டுவலி கொறஞ்சிருக்காம் தாயி” என்று சொல்லிக்கொண்டே கார்டை நீட்டினார்.

“கார்டுன்னா படிச்சிருவீகளா அண்ணாச்சி?”

“படிக்காம? அதுல ஒளிவு மறைவா என்ன இருக்கு?”

பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மாலையே, ‘இன்லண்ட் லெட்டரில் எழுதி, ஒட்டி அனுப்பவும்’ என்று மாற்றிப் புதுப் பட்டியல் அடித்துக் கொடுத்தனுப்பினாள். அடுத்த வாரம் சோலைச்சாமி கடிதங்களைச் சணல் கட்டிக் கொண்டுவந்தார். எல்லாம் ஒட்டியிருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடைசிச் சனிக்கிழமை கடிதங்களைப் பிரித்தாள். நாற்பதில் முப்பத்தெட்டுக்கு விலை வந்திருந்தது. ஏழாம் எண்ணுக்கு மட்டும் ஒன்பது கடிதங்கள். அதிகம் கேட்டிருந்த கடிதத்தில் அனுப்பியவர் விலாசத்தை இரண்டு முறை படித்தாள்: தங்கபாய், அதே வீடு, அடுக்களை.

மதினி முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள். “என்னட்டி பாக்க? ஒட்டித்தான போட்டேன். வெளிய மூச்சு விட்டே, தொலச்சுப்புடுவேன்.”

அன்று சாப்பிடும்போது அண்ணன், “திங்கக்கெழம மில்லுக்கு…” என்று ஆரம்பித்தார்.

“அவ போயிட்டா ஏலத்த யாரு நடத்துவா? நீங்க ஒக்காந்து ஓட்ட அடைப்பீகளா?” என்றாள் மதினி. அண்ணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்துத் தெரு கிருபாபாய், மதினி கட்டியிருந்த நீலச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். “மதுரையில எடுத்தீகளா?” மதினி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தோளை நிமிர்த்தினாள்.

“ஏலத்துல எடுத்தது. ஒம்போது பேரு மோதுனாக. ஒருத்தியாலயும் என்னத் தாண்ட முடியல. முந்தியில ஒரு தையல் இருக்காம், கண்டுபிடி பாப்போம்.”

கிருபாபாயும் இன்னும் இரண்டு பேரும் குனிந்து முந்தானையை முழம் முழமாகத் தடவினார்கள். ஒருத்திக்கும் அகப்படவில்லை.

அடுத்த பட்டியல் போன நான்காம் நாள், சோலைச்சாமியின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. “தாயி! மூணாம் நம்பருக்குக் கிருபாபாய் அம்மா அறுவது ரூவாயாம்!” ஒட்டிய கடிதம் ஒன்றுகூட இல்லை; அவர் கையில் திறந்த கார்டுகளே விசிறி போல விரிந்திருந்தன. பரிபூரணம் டைரியோடு வாசலுக்கு ஓடிவந்தாள். எதிரே குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“அறுவத்தஞ்சு!” என்று அங்கிருந்து, முழங்கை வரை சோப்பு நுரையோடு ஒரு கை உயர்ந்தது.