பின்சுவருக்கு ஆயிரத்து ஐந்நூறு

போடிமெட்டுக்குக் கீழே ஏலக்காய்த் தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்த ராக்கையா, மழைக்காலத்து ஞாயிறுகளில் வீடுகளில் சரிந்த மண்ணை அள்ளப் போவான். கூலியை அவனும் மனைவி குருவம்மாளும் பேசி முடிவு செய்திருந்தார்கள். வாசல் மண்ணுக்கு அறுநூறு. வீட்டுக்குப் பின்னால், மலையை ஒட்டி நின்று வெட்டுவது உயிருக்கு ஆபத்தான வேலை. அதற்கு ஆயிரத்து ஐந்நூறு.

ஐப்பசியில் ஒச்சம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். தோட்டத்தில் கூலி வேலை பார்த்துத் தனியாக இருந்தவள். அவள் வீட்டுப் பின்சுவரில் இடுப்பளவு மண் சாய்ந்து கிடந்தது.

"ஆயிரம் வாங்கிக்கப்பு."

"கட்டாதுக்கா. மேல பாருங்க, மண்திட்டு எப்ப சரியும்னு நிக்குது. ஒங்களுக்குக் குறைச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாக."

"சரி, சனிக்கிழமை கூலி வாங்கிட்டுச் சொல்றேன்."

வியாழக்கிழமை மழை விடாமல் பெய்தது. சுவரில் விரிசல் கண்டதும், வெள்ளிக்கிழமை காலையில் ஒச்சம்மாள் தானே மண்வெட்டி எடுத்து அடிமண்ணை வெட்டியிருக்கிறாள். மேல்திட்டு மொத்தமாக அவள்மேல் இறங்கிவிட்டது.

செய்தி கேட்டு ராக்கையா வேலையைப் போட்டுவிட்டு ஓடினான். நாலு பேரோடு சேர்ந்து மூன்று மணி நேரம் அள்ளினான். கடைசியில் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினான். முதலில் தெரிந்தது அவளுடைய சேலை.

போடியில் கட்டிக்கொடுத்திருந்த ஒச்சம்மாளின் மகள் பானுப்பிரியா ஜீப்பில் வந்து சேர்ந்தாள். அடக்கம் முடிந்ததும் மண் அள்ளியவர்களிடம் ஒவ்வொருவராக வந்தாள்.

"மாமா, ஒங்களுக்கு எவ்வளவு தரணும்?"

ராக்கையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தா, ஒங்கம்மா மொதல்ல என்னையத்தான் கூப்பிட்டாக. ஐநூறு ரூவாய்க்காக நான் வரல."

திட்டப்போகிறாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றான்.

"புதன்கிழமை ராத்திரி அம்மா போன்ல பேசுச்சு மாமா. கோழி முட்டையிட்டதைக்கூடச் சொல்லுச்சு. இதைச் சொல்லலையே. நான் பணம் அனுப்ப மாட்டேனா?"

சொல்லிவிட்டு அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்து அழுதாள். அவனும் தள்ளி உட்கார்ந்தான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் போய் மிச்ச மண்ணை அள்ளிப் போட்டான். உள்ளே பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டிருந்த பானுப்பிரியா, வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியானம் ஒரு தட்டில் சோறு போட்டு வாசலில் வைத்தாள். அவன் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டான்.