பூஜ்ஜியம் கொடுத்தால் எல்லாம் மாறும்

சுலக்ஷனா எழுதிய பக்கம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. கணினியின் மையச் செயலிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவிகளைப் புதிதாக மாற்றும் ஒரு கட்டளைக்கு விளக்கம் எழுத வேண்டும். "எச்சரிக்கை எங்கே?" என்று கொழும்பிலிருந்து மேலதிகாரி றிச்சர்ட் சேர் கேட்டிருந்தார். இரண்டு மணிக்குள் சரியாக அனுப்பாவிட்டால், திங்கட்கிழமை முதல் அவள் கொழும்பு அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும்.

தலவாக்கலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பிள்ளைக்காம்பரா வாசலில் அவள் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுப்போவார்கள். பார்த்துக்கொள்பவள் காளியாயி. போன மாதம் அந்தத் தாய்மாரில் ஒருத்தி ராக்காயி, ஒரே மாதிரி கம்பளித் தொப்பியால் ஏமாந்து, யாருடைய பிள்ளையையோ லயத்து வீடு வரைக்கும் தூக்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து காளியாயி காலையில் பழைய சேலைத் துண்டுகளை இரண்டாகக் கிழிப்பாள். பாதி பிள்ளையின் கையில், பாதி தாயிடம். பொருந்தினால்தான் பிள்ளை.

"என்னா பிள்ள, தனியா பேசுற?" என்றாள் காளியாயி.

"இதுவும் உங்க துணி மாதிரிதாங்க்கா. கணினிக்குள்ள ஒரு வேலை வெளிய போகும்போது சாவியால அடையாளம் போடுவாங்க, திரும்பி வரும்போது சரியான்னு பார்ப்பாங்க."

"எவளாவது கள்ள அடையாளம் போட்டுட்டா?"

"சாவிய மாத்திறலாம். எந்தச் சாவின்னு சொன்னா அது மட்டும் மாறும். பூஜ்ஜியம் குடுத்தா எல்லாமே மாறும்."

"ஒன்னுமே குடுக்காம எல்லாம் மாறுமா! தேர்தல்லகூட இப்பிடி நடக்கலியே."

சுலக்ஷனா மறுபடி கணினிக்குள் குனிந்தாள். காளியாயி யோசித்தபடி உள்ளே போனாள்.

பகல் சாப்பாட்டுக்குத் தாய்மார் வந்தார்கள். முதலில் நின்றவள் காளியாயியின் சொந்த மகள் நிலக்ஷி. நீட்டியது பச்சைப் பூத் துணி.

"பச்சை இப்ப செல்லாது. பதினொரு பிள்ளைக்கும் மாத்தியாச்சு. பாதுகாப்பு."

"அப்ப புதுசக் குடும்மா."

"பழசு பொருந்தினாத்தானே புதுசு குடுக்கலாம்?"

"பிள்ள கையில இருந்த பழச எங்க வச்ச?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"நான் உன் மக!"

"தெரிஞ்ச மூஞ்சின்னு குடுத்துத்தானே போன மாசம் மாட்டிக்கிட்டோம்?"

உள்ளே ஒரு பிள்ளை அழுதது. மற்றப் பத்தும் சேர்ந்துகொண்டன. வெளியே ராக்காயி கதவைக் குத்தினாள். நடுவில் நின்ற காளியாயி தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுலக்ஷனாவின் விரல்கள் பறந்தன: 'எச்சரிக்கை: பழைய சாவியால் இட்ட அடையாளம் எதுவும் இனிச் செல்லாது. வெளியே போனவை திரும்ப முடியாது. அழைத்த நிரலே முதலில் விழக்கூடும். தெளிவாகத் தெரியாமல் பயன்படுத்த வேண்டாம்.' அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் மூடிட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க. அது ஒன்னுதான் வழி."

பதினொரு பிள்ளைகளும் வெளியே வந்தன. காளியாயி கதவைப் பூட்டினாள். தன் தாய் யார் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. ஓடிப்போய் அவரவர் தாயின் காலைக் கட்டிக்கொண்டன. பிறகு காளியாயி கதவைத் திறந்து, காலை மாதிரியே வரிசையில் நிறுத்தி, புதிய துணிகளைக் கிழித்தாள்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. "நன்று. ஏற்றுக்கொண்டோம். எதில் சோதித்தீர்கள்?"

சுலக்ஷனா எழுதினாள்: "பதினொரு பிள்ளைகளில்."