பந்து வராத பக்கம்

மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை இருந்தது, பிள்ளைகளே. கூரை படிகளோடு சேர்ந்து சரிந்து இறங்கியதால், உள்ளே போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டே போக வேண்டும். அங்கேதான் அக்கா உட்கார்ந்து வேலை பார்த்தாள். பெண்கள் ஹாக்கி அணி ஆடிய ஆட்டங்களைத் திரையில் ஓட்டி, ஒவ்வொரு பந்தையும் யார் பறித்தார்கள், யார் கோட்டைவிட்டார்கள் என்று எண்ணுவது அவள் வேலை. பறித்தால் ஒரு புள்ளி ஏறும். விட்டால் ஒன்று இறங்கும். தங்கள் பக்கம் கோல் விழுந்தால், யாரால் விழுந்தது என்று திரையில் ஒரு கட்டம் கேட்கும். ஆட்டக்காரியின் சட்டை எண்ணைப் போட்டால்தான் அது மூடும். அந்த எண்ணுக்கு உரியவளுக்கு நான்கு புள்ளி இறங்கும்.

அணியில் எல்லாரும் அவளைப் புள்ளியக்கா என்றார்கள். ஒருத்தி மட்டும் வெறும் அக்கா என்றாள். அவள் கூடப்பிறந்தவள். இடது பக்கத் தடுப்பாட்டக்காரி, வயது இருபத்தொன்பது.

அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய மேலாளர் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னார். "தங்கச்சிக்கு மட்டும் வாரி வழங்கிடாதம்மா." சொன்னவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இவளுக்குத்தான் அது முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றே மனதுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். தங்கையும் இன்னொருத்தியும் சேர்ந்து பாய்ந்து, யார் மட்டை பட்டது என்று சரியாகத் தெரியாவிட்டால், புள்ளி இன்னொருத்திக்கு. யார் விட்டது என்று தெரியாவிட்டால், குறை தங்கைக்கு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதற்குப் பெயர்தான் நேர்மை என்று நம்பினாள். இரண்டு வருஷம், நாற்பத்தோரு ஆட்டம் இப்படியே ஓடியது.

அந்த இன்னொருத்தி பெரும்பாலும் ஒட்டகமாக இருந்தாள். வலது பக்கத் தடுப்பாட்டக்காரி. கழுத்து நீளம், கால் அதைவிட நீளம். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே தங்கைதான்.

ஒரு புதன்கிழமை காலை, புதிதாக வந்திருந்த மேலாளர் அந்த அறைக்குள் குனிந்து நுழைந்தார். பின்னாலேயே பயிற்சியாளரும் வந்தார். ஆறு தடுப்பாட்டக்காரிகளில் நாலு பேர்தான் இனி அணியில். வெள்ளிக்கிழமை மாலை பட்டியல் ஒட்ட வேண்டும். அக்கா கணக்கை எடுத்துக் காட்டினாள். முதல் மூன்று பேர் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். நாலாவது ஒட்டகம், இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்தாவது தங்கை, இருநூற்றுப் பத்து.

"அஞ்சாவதா இருக்கறவளை வெளிய அனுப்பிட்டா இடது பக்கம் திறந்து போட்ட கதவுதான் சார்" என்றார் பயிற்சியாளர்.

"கணக்கு அப்படிச் சொல்லலையே."

"கணக்கு மைதானத்துல இறங்கி ஆடுமா? ரெண்டு வருஷமா நான் கண்ணால பார்க்கறேன்."

"பார்க்கறது எல்லாரும்தான் பார்க்கறாங்க. எண்ணினது யாரு?"

இருவரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ நிக்கற பக்கம் பந்தே வராது சார்" என்றார் பயிற்சியாளர். "அவ ரெண்டடி நகர்ந்து நின்னா போதும், எதிராளுங்க வேற பக்கம் திருப்பிடுவாங்க."

"வராத பந்துக்கு எத்தனை புள்ளி போடச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு மேலாளர் குனிந்து வெளியேறினார்.

அந்த ஊரில் வேறு அணி கிடையாது. இருபத்தொன்பது வயதில் வெளியே போகிறவளை உள்ளே கூப்பிட யாரும் கிடையாது. இடைவெளி இரண்டே புள்ளி. அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அக்கா பழைய ஆட்டங்களைத் திறந்தாள். வியாழக்கிழமை முழுக்கச் சாப்பாட்டையும் மறந்து பார்த்தாள். சந்தேகத்தில் மற்றவளுக்குத் தூக்கிக் கொடுத்த பந்துகள் அறுபதுக்கு மேல் இருந்தன. அவற்றில் மூன்று பந்தாவது தங்கையுடையவை என்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும். ஒரு பந்தை இருபது முறை ஓட்டிப் பார்த்தாள். முதல் முறை தங்கை மட்டை பட்டது. அடுத்த முறை ஒட்டகத்தின் மட்டை பட்டது. பத்தாவது முறையிலிருந்து எல்லாப் பந்தும் தங்கையுடையதாகவே தெரிந்தது. அப்போதுதான் அவள் திரையை நிறுத்தினாள். என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்ட கண் அது. அதை வைத்துக்கொண்டு இனி எதை எண்ணுவது?

மாலை வீட்டுக்குப் போனாள். தங்கை தரையில் உட்கார்ந்து மட்டைப் பிடிக்குப் புதுப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் ஊறப்போட்ட துணி மாதிரி இருக்கு?"

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விதியைச் சொன்னாள், இரண்டு புள்ளியைச் சொன்னாள், அறுபது பந்தையும் சொன்னாள். தங்கை முதலில் சிரித்தாள். பிறகு பட்டை சுற்றுவதை நிறுத்தினாள்.

"அப்ப நான் நல்லா ஆடறேனா இல்லையான்னு உனக்கே தெரியாதா?"

"நல்லா ஆடறேடி. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? எண்ணித் தெரியுமா, பார்த்துத் தெரியுமா?"

அக்கா தரையில் கிடந்த பழைய பட்டையை எடுத்துச் சுருட்டினாள்.

"நீ எனக்கு ஒண்ணும் சேர்த்துப் போட்டிருக்க வேணாம்க்கா" என்றாள் தங்கை. "என்னை யாரோ ஒருத்தியா நினைச்சிருந்தாலே போதும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை உண்மைக்காகச் சொல்றியா, தங்கச்சிக்காகச் சொல்றியா?"

"தங்கச்சிக்காகத்தான் சார்."

கெட்ட மனுஷர் இல்லை அவர். "பழசை நான் தொட முடியாதும்மா. தொட்டா மத்த அஞ்சு பேரும் வந்து என் கதவைத் தட்டுவாங்க. பத்து மணிக்குப் பயிற்சி ஆட்டம் இருக்கு. அதை நானே உட்கார்ந்து பார்க்கறேன். நீ ஒழுங்கா எண்ணு. அதையும் சேர்த்து என்ன வருதோ, அதுதான் முடிவு."

ஆட்டம் தொடங்கியது. மேலாளர் நடுப்படியில் உட்கார்ந்தார். பந்து போன பக்கமெல்லாம் அவர் தலை போயிற்று. வலது பக்கம் வந்தால் வலது, நடுவே போனால் நடு. இடது பக்கம் பந்து வரவில்லை, அவர் தலையும் வரவில்லை. பந்தை விட்டுவிட்டு அவளைப் பாருங்கள் சார் என்று அக்காவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் எண்ணுகிறவள் வாயைத் திறக்கக்கூடாது.

முதல் பாதி முடிந்தபோது தங்கை படிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் பாதியில் அவள் தன் இடத்தில் நிற்கவில்லை. மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடி, ஒட்டகத்தின் முன்னால் புகுந்து பந்தைப் பறித்தாள்.

"ஏய், அது என் பந்துடி" என்றாள் ஒட்டகம்.

"எடுத்தவ பந்து" என்றாள் தங்கை. அவள் குரலில் விளையாட்டே இல்லை.

மேலாளர் கைதட்டினார். இரண்டாவது முறையும் பறித்தாள், மூன்றாவது முறையும் பறித்தாள். "உன் எடத்துக்குப் போ" என்று ஓரக்கோட்டிலிருந்து கத்திக் கத்திப் பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலாவது முறை அவள் வலது பக்கம் போயிருந்தபோது, பந்து அவள் விட்டுப்போன இடது பக்கம் வழியாக, தடுக்க ஆளில்லாமல் உருண்டு வந்தது. ஒட்டகம் அத்தனை தூரம் ஓடிவந்து குப்புற விழுந்தும் எட்டவில்லை. கோல்.

மேலாளர் படியிறங்கி வந்தார். "பார்த்தேம்மா. மூணு பந்து பறிச்சா, நல்லாத்தான் ஆடறா. அந்தக் கோல் யாரால விழுந்துச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியல. நீ பார்த்துப் போட்டுடு."

அக்கா அறைக்குப் போய் எண்ணினாள். தங்கை இருநூற்றுப் பதின்மூன்று. ஒட்டகம் எடுக்கவேண்டிய பந்தெல்லாம் தங்கையிடம் போனதால் அவள் அதே பன்னிரண்டிலேயே நின்றாள். கோலுக்கான கட்டம் திறந்தது. யாரால் என்று கேட்டது.

தங்கை வாசலில் வந்து நின்றாள். காலணியில் ஈரம். உள்ளே வரவில்லை.

"என்ன போடப்போற?"

"எல்லாம் திரையில தெரியுதுடி. நீ அங்க இல்ல."

"தெரியும்."

என் பேரில் போடாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போடு என்று சொல்லவும் வரவில்லை. போய்விட்டாள்.

இந்த ஒரு பந்தில்தான் அக்காவுக்குத் துளி சந்தேகமும் இல்லை. தங்கையின் எண்ணைப் போட்டால் நான்கு இறங்கும், எல்லாம் முடிந்துவிடும். ஒட்டகத்தின் எண்ணைப் போட விரல் கூசியது. வெகுநேரம் திரையையே வெறித்துவிட்டு, கோல்கீப்பரின் எண்ணைப் போட்டாள். கோல்கீப்பருக்குப் போட்டியே கிடையாது, நான்கு போனால் அவளுக்கு வலிக்காது. யாருக்கும் வலிக்காத பொய் என்று அக்கா தன்னையே தேற்றிக்கொண்டாள். கட்டம் மூடிக்கொண்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒட்டகம் வெளியே போனாள்.

பட்டியல் ஒட்டிய அரைமணி நேரத்தில், தோளில் பையோடு ஒட்டகம் வந்தாள். அந்த உயரத்துக்கு அவள் வாசலிலேயே பாதியாக மடிய வேண்டியிருந்தது. அழுது முடித்த முகம்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் புள்ளியக்கா. உங்க தங்கச்சி கூடவே ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன். ஒரு நாளும் நீங்க ஓரவஞ்சனை பண்ணினதில்ல. எனக்கு வரவேண்டியது எப்பவும் வந்துடுச்சு."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டகம் குனிந்தபடியே வெளியேறினாள்.

அவள் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள் செல்லங்களே. உங்கள் கூடப்பிறந்தவர்களை நினைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் பெரிய ஆட்டம் வந்தது. தங்கை ஒரு நிமிஷம்கூட இடது பக்கம் தங்கவில்லை. பந்து எங்கே இருந்ததோ, அங்கே இருந்தாள். அணி நாலு கோல் வாங்கித் தோற்றது. பயிற்சியாளர் கத்துவதை விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் மட்டும் அறைக்குள் எட்டிப் பார்த்து, "தோத்தது போகட்டும், உன் தங்கச்சி மட்டும்தான் நல்லா ஆடினா" என்றார்.

அன்று மாலை அக்கா கதவைத் திறந்தபோது, தங்கை காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு எனக்கு எத்தனை புள்ளி?"

"ஒன்பது" என்றாள் அக்கா.

"பத்து இருக்கும்க்கா. நாளைக்கு மறுபடியும் ஓட்டி நல்லாப் பாரு."