வெயில்காரர்கள்

பொருளாதாரத் துறையின் கதவில் பேராசிரியருக்கு வேறு பெயர் எழுதியிருந்தது. மாணவர்கள் வைத்த பெயர் 'வெச்சுக்குவோம் சார்'. எதைப் பேசினாலும் அவர் அங்கேதான் போய் முடிப்பார். "எல்லாருக்கும் எல்லா விவரமும் தெரியும்னு வெச்சுக்குவோம்" என்பார். வகுப்பில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, இருந்தாலும் வைத்துக்கொள்வார்கள். "மனுஷன் தன் லாபத்தைத்தான் பார்ப்பான்னு வெச்சுக்குவோம்" என்று ஒரு நாள் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். தேர்வில் வரும் என்று தோன்றியது.

அவரிடம்தான் பாப்பா முதுகலை ஆய்வு செய்தாள். வளர்ச்சிப் பொருளாதாரம். பாப்பா என்பது சித்தி கூப்பிடும் பெயர். அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது சித்திதான். நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்து, ஊரார் கால்சட்டைகளை மடித்துத் தைத்து, அறுந்துபோன ஜிப்புகளை மாற்றி, அந்த வருமானத்தில் பாப்பாவைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து விட்டிருந்தாள். பாப்பா என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஏழைங்க ஏன் ஏழையா இருக்காங்கன்னு படிக்கிறா" என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

ஆய்வின் விஷயம் நிழல். தெருவோரத்தில் உட்கார்ந்து தொழில் செய்பவர்களுக்குப் பெரிய நிழற்குடை கொடுத்தால் மதிய வியாபாரம் கூடுமா? இதைக் கேட்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். கூடும் என்று சொல்வது ஒன்று, எவ்வளவு கூடும் என்று சொல்வது இன்னொன்று. பட்டம் இரண்டாவதற்குத்தான் கொடுக்கிறார்கள். பாதிப் பேருக்குக் குடை, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். இல்லாதவர்களுக்கு ஆய்வு முடிந்ததும் குடை வந்துவிடும். அதுதான் முறை.

"அந்தத் தெருவுல எங்க சித்தி இருக்காங்க சார்" என்று பாப்பா முன்கூட்டியே சொன்னாள்.

"எண்ணப் போறது நீ இல்லையே? ஜூனியர் பசங்கதானே? அப்ப உறவே இல்லைன்னு வெச்சுக்குவோம்."

குலுக்கல் தெருவிலேயே நடந்தது. அட்டைப்பெட்டிக்குள் சீட்டுகள். சித்தி கைவிட்டு எடுத்தாள். வெறும் சீட்டு. சாவிக்காரருக்கும் செருப்பு தைப்பவருக்கும் வெறும் சீட்டு. எதிர்சாரியில் இருந்த இன்னொரு சாவிக்காரருக்கும் தையல்காரருக்கும் குடை.

எதிர்சாரித் தையல்காரருக்கும் சித்திக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். ஒரு திருமண வீட்டுத் துணிமணி யாருக்கு வந்த வேலை என்பதில் ஆரம்பித்தது. அந்த ஆளுக்கு ஒரு பட்டன்கூட நேராக வைக்கத் தெரியாது என்பது சித்தியின் தீர்மானமான கருத்து. இப்போது அவர் ராஜா மாதிரி குடைக்கடியில் உட்கார்ந்துவிட்டார். தெரு முழுக்கப் பாப்பாவைப் பார்த்தது. வளர்த்த சித்திக்கு ஒரு குடை கொடுக்க வக்கில்லாத படிப்பு என்ன படிப்பு என்று அந்தப் பார்வை கேட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தி கேட்டாள்.

"குடை இல்லாத எங்களுக்கு இதுல என்ன வேலை?"

"நீங்கதான் முக்கியமே சித்தி. அவங்களுக்கும் உங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருதுங்கறதுதான் என் ரிசல்ட்."

"வித்தியாசம் வரலைன்னா?"

பாப்பாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வித்தியாசம் வராவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான், அதையும் எழுதலாம், அதற்கும் பட்டம் உண்டு. இதையெல்லாம் அவள் சொல்லியிருக்க வேண்டும். "வரலைன்னா நான் காலி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.



குலுக்கலுக்கு முன் ஒரு வாரம் எண்ணியதுபோலவே, கோடை முழுவதும் ஜூனியர் மாணவர்கள் தெருமுனையில் நின்று வாடிக்கையாளர்களை எண்ணினார்கள். பாப்பா அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. காட்டினால் ஆய்வு கெட்டுவிடும். எண்ணி முடித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வெச்சுக்குவோம் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குடைக்காரர்களுக்கும் வெயில்காரர்களுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இத்தனை பெரிய விளைவை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு துறையிலேயே ஆய்வாளர் வேலை என்றார். பாப்பா அந்தச் சம்பளத்தில் சித்தியை முதலில் வெயிலிலிருந்து எழுப்பிவிடலாம் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க அந்த நினைப்பிலேயே மிதந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் அவள் பையின் வார் அறுந்தது. எண்ணும் வேலைதான் போன மாதமே முடிந்துவிட்டதே, இனி போகலாம் என்று சித்தியிடம் தைத்துக்கொள்ளப் போனாள். நின்றிருந்த ஒரு வேனைத் தாண்டும்போது குரல் கேட்டு நின்றாள்.

ஒருவர் கால்சட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மெஷின் மூடிக் கிடந்தது.

"இப்ப தைக்கறதில்லைங்க. எதிர்ல குடை தெரியுது பாருங்க, அங்க போங்க. அவர் நல்லா தைப்பார்."

பக்கத்தில் சாவிக்காரர் கைகட்டி உட்கார்ந்து, வந்த ஒரு பெண்ணிடம் தலையை ஆட்டி எதிர்சாரியைக் காட்டிக்கொண்டிருந்தார். செருப்பு தைப்பவர் தூங்குவதுபோல் நடித்தார். நடிப்பு சரியாக வரவில்லை.

பாப்பா வேனின் மறைவிலிருந்து வெளியே வந்தாள். நேரே போய் நின்றாள்.

"என்ன சித்தி பண்றே?"

"என்ன, நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டே? நீ இங்க வரக் கூடாதுல்ல?"

"வந்த வேலைய ஏன் திருப்பி அனுப்பறே?"

சித்தி குரலைத் தாழ்த்தினாள். "வித்தியாசம் வரணும்னியே. சும்மா விட்டா வராது போலிருந்தது. எங்களுக்கு வெயிலு பழகிப்போச்சு, குடை இல்லாமயே வேலை ஓடுது. அப்புறம்தான் இவங்ககிட்ட பேசினேன்."

"நாங்க எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும்மா" என்றார் சாவிக்காரர். "மதியம் மட்டும்தான். நம்ம தெருப் பொண்ணு பாசாகணும்ல."

"ஐயோ, எண்றது போன மாசமே முடிஞ்சிருச்சு!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ நிறுத்தச் சொல்லலையே" என்றாள் சித்தி.

பாப்பாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு கோடையின் உழைப்பைக் கெடுத்துவிட்டார்களே என்று. அது தன் உழைப்பு இல்லை, இவர்களுடையது என்று உறைத்ததும் வெட்கம் வந்தது. கோடை முழுக்கத் தன் மதிய வருமானத்தைத் தூக்கி, முகத்தில் விழிக்காத ஒரு மனுஷனிடம் கொடுத்திருக்கிறாள் சித்தி. அவர் நன்றாகத் தைப்பார் என்று வேறு சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில்தான் பாப்பாவுக்கு அழுகை வந்தது. அறுந்த வாரைத் தைத்துக்கொள்ளாமலேயே திரும்பிவிட்டாள்.

நேரே துறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.  மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் அவர் பெயர் முதலில் இருந்தது.

"இன்னைக்கு உன் பை அறுந்து போகலைன்னு வெச்சுக்குவோம்" என்றார்.

அதுவரை அவர் சொன்னதிலேயே மிகச் சுலபமாக வைத்துக்கொள்ளக்கூடியது அதுதான். பாப்பா அறுந்த பையை அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் சித்தி அவளுடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு ஓர் அட்டவணையில் விரலை வைத்தார்.

"குடை இல்லாதவங்களோட வியாபாரம் ஆய்வுக்கு முன்னாடி இருந்ததைவிடப் பாதியாயிருக்கு. அப்பவும் குடை இல்லை, இப்பவும் இல்லை. ஏன் குறைஞ்சது?"

சார் தொண்டையைச் செருமினார். "இந்த வருஷம் வெயில் அதிகம்னு வெச்சுக்..."

"அந்தப் பொண்ணைக் கேக்கறேன்."

வெயில் அதிகம் என்று சொல்லலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. பட்டமும் வேலையும் மேஜைக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பாப்பா அட்டவணையைப் பார்த்தாள். பாதியாகிப்போன அந்த எண்ணுக்குள் சித்தி கைகட்டி உட்கார்ந்திருந்தாள். வெயில் என்று எழுதினால் அவள் செய்தது எதுவுமே நடக்காததாகிவிடும்.

"அவங்களுக்கு என்னைப் பிடிக்கும்" என்றாள் பாப்பா.

பிறகு முழுவதையும் சொன்னாள். தேர்வாளர் அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை. வேறொரு தெருவில், அவளை யாருக்கும் தெரியாத தெருவில், ஆய்வை முதலிலிருந்து செய்துகொண்டு அடுத்த ஆண்டு வரச் சொன்னார். ஆய்வாளர் வேலையைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. போகும்போது தேர்வாளர் அம்மா, "அந்தக் குடையெல்லாம் குடுத்தாச்சா?" என்று சாரைக் கேட்டார். கொள்முதல் பிரிவில் நிற்கிறது என்றார் சார். இந்த வாரமே போகட்டும் என்றார் அந்த அம்மா.

போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்துப் பாப்பா மதியம் தெருவுக்கு வந்தபோது சாவிக்காரர் குடைக்கடியில் இருந்தார். செருப்பு தைப்பவர் குடைக்கடியில் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். சித்தியின் குடை மட்டும் மடக்கியபடி சுவரில் சாய்ந்திருந்தது. மெஷின் வெயிலில் நின்றது.

"ஏன் சித்தி விரிக்கலை?"

"நீ இன்னும் பாசாகலையே. மறுபடியும் எண்ண வந்தாங்கன்னா?"

"இங்க எண்ண மாட்டாங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

பாப்பா குடையைத் தூக்கிக் கம்பத்தில் செருகி விரித்தாள். நிழல் மெஷின்மேல் விழுந்தது. சித்தி அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பையைக் கொடு என்று கை நீட்டி, அறுந்த வாரைத் தைக்கத் தொடங்கினாள். அதற்குள் ஒருவர் கையில் சட்டையோடு வந்து நின்றார்.

சித்தி மெஷினை நிறுத்திவிட்டுப் பாப்பாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்கட்டுமா?"

"வாங்கிக்கோ சித்தி" என்றாள் பாப்பா.